இருபது நிமிடம் கழித்துத் தானாகவே கிளம்பும் கார்

ஐயா, நான் வால்பாறையில் அரசுப் பள்ளி ஆசிரியை. வீடு பொள்ளாச்சியில். வெள்ளி மாலை மலையிறங்கி, ஞாயிறு மத்தியானம் திரும்பி ஏறுவேன். என்னிடம் இருப்பது 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதமாக மலையேறும்போது பாதியில் இன்ஜின் நின்றுவிடுகிறது. ஜெர்க் அடிப்பதில்லை, திணறுவதில்லை. சாவியைத் திருகி அணைத்ததுபோல நிற்கிறது. செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது. சமவெளியில் ஒரே ஒரு தடவை, மே மாத மத்தியானத்தில் கோவை உக்கடத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது நின்றது. பேட்டரி, பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் எந்தப் பிழையும் காட்டவில்லை. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மை மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். போன மாதம் 9-வது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி நின்றபோது பின் சீட்டில் என் அம்மாவும் மகளும் இருந்தார்கள். வண்டி பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. எப்படியோ ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினேன். இது முக்கியமா என்று தெரியவில்லை: அன்று நான் கிளட்ச்சைத் தொடுவதற்கு முன்பே, கார் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்துவிட்டது. மெக்கானிக்கிடம் சொன்னேன், அவர் கண்டுகொள்ளவில்லை. செலவு செய்வதா, வண்டியை விற்றுவிடுவதா?

ஓர் ஆசிரியை, பொள்ளாச்சி

வணக்கம் டீச்சர்.

விற்க வேண்டாம். இசிஎம்மையும் மாற்ற வேண்டாம். நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதிய அந்த ஆர்பிஎம் முள் விஷயம்தான் கடிதத்திலேயே முக்கியமானது. அதைக் காதில் வாங்கியிருந்தால் உங்களுக்கு பம்ப் செலவு வந்திருக்காது. அதைப் பிறகு விளக்குகிறேன். அதற்கு முன்னால் 9-வது வளைவில் நடந்ததைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

அந்த இடம் எனக்குத் தெரியும். கீழே ஆழியாறு அணை விரிந்து கிடக்கும், வண்டிகள் ஓரங்கட்டி நிற்கும், வரையாடு பார்க்கக் கூட்டம் நிற்கும். 40 வளைவுகள் உள்ள பாதையில் அங்கே நின்றதைக்கூட நல்ல இடம் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே காட்டுக்குள் இருட்டும் நேரத்தில் நின்றிருந்தால் கதையே வேறு. ஆகவே பழுதை உறுதியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை இந்தக் காரில் மலையேறாதீர்கள். இறங்கவும் செய்யாதீர்கள். ஏறும்போதுதானே நிற்கிறது, இறங்கும்போது ஒன்றும் ஆவதில்லையே என்று தோன்றும். ஆனால் இறங்கும்போது இன்ஜின் நின்றால் பிரேக்கின் கதி வேறு.

பிரேக் மிதிக்கு உதவி செய்வது இன்ஜின் உறிஞ்சும் காற்றினால் உருவாகும் வெற்றிடம். இன்ஜின் நின்ற பிறகும், அந்த வெற்றிடத்தைச் சேர்த்து வைக்கும் பூஸ்டருக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும். பதற்றத்தில் மிதித்து மிதித்து விட்டால் அந்த மிச்சமும் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். கல்லான பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் இரண்டு காலாலும் ஏறி நின்று அழுத்தும் பலம் வேண்டும். அதனால் இன்ஜின் நின்றது தெரிந்ததும் ஒரே அழுத்தாக அழுத்தி, காலை எடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். திரும்பாது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது, பலம் கொடுத்தால் திரும்பும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஏற்றத்தில் நின்றால்: பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள், முதல் கியரைப் போடுங்கள், அதற்கப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். வண்டி பின்னால் உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சுவரில் போய் முட்டுகிற மாதிரி முன் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரிய விடுங்கள். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். நடுரோட்டில் கிடக்கும் அந்தக் கல்லில் இரவில் வரும் இரு சக்கர வண்டிக்காரர் ஏறி விழுகிறார். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிரயோசனம் இல்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். வருகிறவர் வளைவில் திரும்புவதற்கு முன்பே அது அவர் கண்ணில் பட வேண்டும்.

சரி, இனி பழுதுக்கு வருகிறேன்.

ஓடும் வண்டி எப்படி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி சொல்லிவிட்டுத்தான் நிற்கும். பிக்கப் குறையும், முட்டி முட்டிப் போகும், ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் மோசமாகும், பிறகு மூச்சு வாங்கி நிற்கும். குழாயில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை கொஞ்சம் இழுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். உங்கள் கார் அப்படி நிற்கவில்லை. 'சாவியைத் திருகி அணைத்ததுபோல' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி நின்றால் நான் முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகப்படுவேன். பம்ப் பக்கம் போக மாட்டேன்.

ஆனால் மலையில் நின்ற வண்டி என்றதும் நம் ஊரில் எல்லாரும் பெட்ரோலைத்தான் பிடிப்பார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மலையேறும் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகும். டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து கிளப்புவார்கள். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஊட்டி ரோட்டில் பல டிக்கிகளில் அந்தத் துணியைப் பார்த்திருக்கிறேன். ஊசி வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் கார்களில் பம்ப் டாங்கிக்குள்ளே, பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. குழாய்க்குள் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஏர் லாக் என்ற பேச்சு மட்டும் பட்டறைகளில் அப்படியே தங்கிவிட்டது. உங்கள் பம்பை மாற்றியவர் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்திருந்தால் எத்தனை பார் இருந்தது என்று சொல்லிவிடுவார். கழற்றிய பழைய பம்பையும் கேட்டு வாங்கி வையுங்கள், அது நல்ல பம்பாகவே இருக்கலாம்.

இப்போது அந்த முள். கியரில் இருக்கிறீர்கள், கிளட்ச்சைத் தொடவில்லை, கார் நகர்கிறது. அப்படியென்றால் சக்கரம் கியர்பாக்ஸைச் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் இன்ஜினைச் சுற்றுகிறது. நெருப்பு அணைந்துவிட்டது, ஆனால் இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆர்பிஎம் முள் காட்ட வேண்டியது அந்தச் சுற்றைத்தான். வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் மெதுவாக இறங்கியிருக்க வேண்டும். உங்கள் முள் ஒரேயடியாக விழுந்துவிட்டது. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் சுற்றுகிறது என்ற செய்தி மீட்டருக்கு வரவில்லை.

அந்தச் செய்தியைக் கொடுப்பது கிராங்க் சென்சார். கிராங்கோடு சேர்ந்து சுற்றும் பல் சக்கரத்தின் எதிரே, ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு சின்ன மின்துடிப்பை இசிஎம்முக்கு அனுப்பும். அதை வைத்துத்தான் எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது, எப்போது பொறி வைப்பது என்று இசிஎம் முடிவு செய்கிறது. துடிப்பு நின்றால் இன்ஜினே நின்றுவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். பெட்ரோல், பொறி இரண்டையும் அந்த நொடியே நிறுத்திவிடும். சாவியைத் திருகியதுபோல இருப்பதற்கு அதுதான் காரணம்.

அது ஏன் சூட்டில் மட்டும் போகிறது? பழைய மாடல் சென்சாருக்குள் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றியிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடச் சூடும் அதிர்வும் சேர்ந்து அதில் எங்கேயோ ஒரு இடத்தில் மயிரிழை விரிசல். குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறி விரியும்போது விலகும். நீங்கள் மலையேறும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, கார் மெதுவாகப் போகிறது, பானட்டுக்குள் காற்றோட்டம் குறைவு. உக்கடம் நெரிசலிலும் அதே நிலைதான். அங்கே ஏற்றமும் இல்லை, பளுவும் இல்லை, சூடு மட்டும் இருந்தது. இந்த ஒரு சம்பவத்தால் பளு சம்பந்தப்பட்ட பாதிச் சந்தேகங்கள் தாமாகவே கழிந்துவிடுகின்றன. இன்ஜின் நின்ற பிறகு கூலண்ட் ஓட்டமும் நின்றுவிடுவதால் பானட்டுக்குள் சூடு முதல் சில நிமிடம் ஏறத்தான் செய்யும், அதற்கு அப்புறம்தான் இறங்கும். உங்கள் இருபது நிமிடக் கணக்கு இதோடு பொருந்திப்போகிறது.

ஸ்கேனர் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்றால், துடிப்பு வரவில்லை என்பதை இசிஎம் பல நேரம் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, இன்ஜின் ஓடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறது. ஓடாத இன்ஜினிலிருந்து துடிப்பு வராதது இயல்புதானே. அதனால் பிழை எண் பதிவாகாமலே போய்விடும். ஸ்கேனரில் ஒன்றும் இல்லை, ஆகவே இசிஎம்தான் போய்விட்டது என்பது தவறான கணக்கு. நான் கையாண்ட வண்டிகளில் உண்மையிலேயே இசிஎம் கெட்டது மிகக் குறைவு. அப்படிக் கெட்டதும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்தோ, யாராவது பேட்டரி முனைகளைத் தலைகீழாக மாற்றிக் கொடுத்தோ கெட்டதுதான். திருட்டைத் தடுக்கச் சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர் உள்ள காரில் பழைய இசிஎம் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் உங்கள் சாவியை அது ஏற்றுக்கொள்ளாது, அது தனிச் செலவு.

ஆனால் நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு கிராங்க் சென்சாரை மாற்றுங்கள் என்று எழுதிவிட்டால், ஐந்தாவதாக ஒரு ஊகம் சொன்னவன் ஆவேன். முள் விழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இசிஎம்முக்கே மின்சாரம் போகாமல் இருந்தாலும் முள் விழும். இசிஎம்முக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான மெயின் ரிலேக்குள் சால்டர் விட்டுப்போய், சூட்டில் தொடர்பு அறுந்து, குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்வது சகஜம். இசிஎம்மின் எர்த் ஒயர் பாடியில் லூஸாக இருந்தாலும் இதே கதைதான். அறிகுறி எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டையும் பிரிப்பதற்குக் கருவியே வேண்டாம். வண்டி நின்று, கிளம்ப மறுக்கும் அந்த நேரத்தில் சாவியை அணைத்துவிட்டு, மறுபடி ஆன் வரை மட்டும் திருப்புங்கள். செல்ஃப் அடிக்காதீர்கள். டாஷ்போர்டில் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரியும். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நல்ல வண்டியில் அந்த நிலையில் அது எரிய வேண்டும். மற்றவை எரிந்து அது மட்டும் எரியவில்லையென்றால் இசிஎம் விழிக்கவே இல்லை: மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எரிந்தால் இசிஎம் உயிரோடு இருக்கிறது. அதே நேரத்தில் பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி 'ர்ர்ர்' என்று ஓடி நிற்கும் சத்தமும் கேட்கும். இப்போது செல்ஃப் அடித்து ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது முள் கொஞ்சமாவது அசைய வேண்டும். துளிகூட அசையவில்லையென்றால் கிராங்க் சென்சார், அல்லது அதற்குப் போகும் ஒயர்.

சில கார்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் எப்போதுமே அசையாது. அதனால் வண்டி நன்றாக இருக்கும்போதே, நாளைக் காலையில் வீட்டு வாசலில் இதையெல்லாம் ஒரு தடவை செய்து பாருங்கள். உங்கள் மகளிடம் போனைக் கொடுத்து மீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் எந்த விளக்கு எரிகிறது, முள் எப்படி அசைகிறது என்று தெரிந்தால்தான், நிற்கும்போது எது மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

இந்தப் பாடத்தை நான் ஒரு பள்ளி வேனில் கற்றேன். கோவையில் பட்டறை போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு வேன் இதேபோல நின்று நின்று கிளம்பியது. வந்தபோதெல்லாம் நன்றாகவே ஓடியது. முதல் தடவை, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காய்ல் மாற்றினேன். இரண்டாவது தடவை பம்ப் மாற்றினேன். மூன்றாவது தடவை திருச்சி ரோட்டில் குழந்தைகளோடு நின்றது. டிரைவர் போனில் கூப்பிட்டபோது பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. அடுத்த நாள் காலையிலிருந்து வேனில் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நின்றது. டெஸ்ட் லேம்பை எடுத்து மெயின் ரிலேயில் வைத்தேன், எரியவில்லை. ரிலேயை விரலால் தட்டினேன், எரிந்தது. உடைத்துப் பார்த்தால் சால்டரில் ஒரு வட்ட விரிசல். கண் உள்ளவன் யாரும் பார்த்திருப்பான், வண்டி நின்ற நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால். காய்லுக்கும் பம்புக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஓடுகிற நிலையில் வரும் வண்டியில் எந்தப் பொருளையும் கழற்றுவதில்லை. முதலில் அதை நிற்க வைப்பேன்.

உங்கள் காரையும் அப்படித்தான் நிற்க வைக்க வேண்டும், ஆனால் மலையில் வேண்டாம். உக்கடத்தைப் பட்டறையிலேயே உண்டாக்கலாம். வெயில் நேரத்தில் காரை வெளியே நிறுத்தி, பானட்டை மூடி, ஏசியை ஓடவிட்டு, இன்ஜினை முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். அவ்வப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கலாம். டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். உங்கள் மெக்கானிக் பொறுமையாக இதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்குவாரா என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு அவர் கூலி கேட்டால் மனம் கோணாமல் கொடுங்கள். தேவையில்லாத பம்புக்குக் கொடுத்ததைவிட அது நியாயமான செலவு.

நின்றதும் அவர் செய்ய வேண்டியதை அப்படியே இந்தக் கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள். ஸ்கேனரில் பிழை எண்ணைத் தேடாமல் ஓடும் தரவைத் (லைவ் டேட்டா) திறந்து, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கட்டும். நல்ல வண்டியில் இருநூறு, முந்நூறு காட்டும். பூஜ்யம் என்றால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைக்கட்டும். இரண்டு பின் சென்சார் என்றால் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம்வரை, வண்டியைப் பொறுத்து ஓர் அளவு வரும். அளவே காட்டாமல் ஓப்பன் ஆகியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. மூன்று பின் உள்ள ஹால் வகை என்றால் ஓம் பார்த்துப் பயனில்லை. கனெக்டரில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா, சிக்னல் ஒயரில் துடிப்பு வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி கிளம்ப மறுக்கும்போது சென்சார் மேல் மட்டும் ஈரத்துணி வைத்துக் குளிரவிட்டு, இரண்டு, மூன்று நிமிடத்தில் கிளம்புகிறதா என்று பார்ப்பது. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்புக்கு வைத்த அதே துணிதான். இருபது நிமிடம் எடுத்துக்கொண்ட வண்டி மூன்று நிமிடத்தில் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இதை நீங்கள் செய்யாதீர்கள் டீச்சர். சைலன்சர் குழாய் பக்கத்தில் சுடும், ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். பட்டறையில் கழற்றிய சென்சாரை மேஜையில் வைத்து, மீட்டரை மாட்டி, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சூடேற்றினாலும் இதே உண்மை வெளியே வரும். அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது இயல்பு, திடீரென்று காணாமல் போவது பழுது.

சென்சார் என்று உறுதியானாலும் உடனே புதியதைப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். அதன் ஒயர் எந்த வழியாகப் போகிறது, எங்கேயாவது சைலன்சர் பக்கம் சாய்ந்து உருகியிருக்கிறதா, கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, சென்சாரின் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். இந்த ஒரு பொருளில் மட்டும் ஒரிஜினல்தான் வாங்குங்கள். பெட்டி ஒன்றுபோலவே இருக்கும் மலிவு சென்சார்கள் ஓரிரு கோடைகூடத் தாங்காமல் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன கார்களுக்கு ஒரிஜினலே சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரிலே என்றால் சில நூறு.

இதே மாதிரி வேறு வண்டி வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு, மூன்று வரி. சிக்னலில் நிற்கும்போது, ஆக்சிலேட்டரை விட்டதும் நின்றால், இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கார்பன், அல்லது எங்கேயோ காற்றுக் கசிவு. டாஷ்போர்டும் சேர்ந்து மொத்தமாக அணைந்தால் பேட்டரி டெர்மினல், எர்த், சாவி சுவிட்ச். மழையில் மட்டும் என்றால் காய்லும் பிளக் ஒயரும். நின்றவுடன் பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது பலமாகக் காற்றை இழுத்து, அதற்குப் பிறகு கிளம்பினால் டாங்கிக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. டீசல் வண்டி முற்றிலும் வேறு கதை, அங்கே ஃபில்டரிலிருந்தும் குழாயில் காற்று ஏறுவதிலிருந்தும்தான் ஆரம்பிக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னும் ஒன்று. பம்ப் புதியது என்பதால், ரிசர்வில் மலையேறும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் பெட்ரோல் டாங்கியின் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். கால் டாங்கிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

உங்கள் கேள்விக்கு மெக்கானிக் உங்களைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஓட்டுகிறவருக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தெரியாது. முள் விழுந்ததைப் பார்த்தது நீங்கள். அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது 'என்ன பழுது' என்று கேட்காதீர்கள். ஒரு தாளில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடியபின் நின்றது, ஏசி ஓடியதா, எந்த விளக்கு எரிந்தது, முள் என்ன செய்தது, எத்தனை நிமிடத்தில் கிளம்பியது என்று எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். வருகைப் பதிவேடு போட்டுப் பழகியவருக்கு இது பெரிய வேலை இல்லை. அந்தத் தாளைப் படிக்க மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

சரியான பிறகும் முதல் இரண்டு வாரம் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இடையே வெயில் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் மகளையும் வீட்டில் விட்டுவிட்டு, வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காலையிலேயே மலையேறிப் பாருங்கள். அதுவரை வால்பாறை பஸ்தான். நின்றபோது செக் இன்ஜின் விளக்கு எரிந்ததா, செல்ஃப் அடித்தபோது முள் அசைந்ததா, இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். மெயின் ரிலேயா, சென்சாரா என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.